என்ஜிசி 7319: நெருங்கிய கூட்டத்தில் ஒரு பட்டைச் சுருள்

என்ஜிசி 7319, பெகாசஸ் விண்மீன் குழுவின் திசையில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 290 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பெரிய பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம். அகலம் ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு மேல். நடுப்பகுதியில் விண்மீன்கள் நீண்ட பட்டையாகத் திரண்டிருக்க, அதன் இரு முனைகளிலிருந்தும் சுருள் கைகள் கிளம்பினால் அதைப் பட்டைச் சுருள் என்பார்கள். நாம் வாழும் பால்வீதியும் இந்த வகையைச் சேர்ந்ததே. 'ஸ்தெஃபான் ஐவர்' என்று பெயர்பெற்ற நெருக்கமான மண்டலக் கூட்டத்தில் என்ஜிசி 7319 ஓர் உறுப்பினர். என்ஜிசி 7317, 7318ஏ, 7318பி, 7320 ஆகியவை மற்ற நால்வர்.

நூல்களில் இந்த மண்டலத்துக்குத் தனி இடம் கிடைப்பது அரிது. ஐவரைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தியோடு முடித்துவிடுவார்கள். ஐவரின் படத்தில் முதலில் கண்ணைப் பறிப்பதும் இது அல்ல, பளிச்சென்று நீலமாகத் தெரியும் என்ஜிசி 7320. ஆனால் அந்த நீல மண்டலம் இக்கூட்டத்தின் உறவே இல்லை என்பது 1961இல் தெரிந்துவிட்டது. உண்மையான கூட்டத்தில் அதிகம் இழந்ததும், இழந்த பிறகும் நடுவில் கனன்றுகொண்டிருப்பதும் 7319தான். இதன் வரலாற்றைத் தனியாக எழுத அந்தக் காரணமே போதும்.

வானில் இருக்குமிடம்

தமிழருக்கு இந்த வானப்பகுதி புதிதல்ல. பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் சேர்ந்து வானில் ஒரு பெரிய சதுரம் அமைக்கின்றன. மேலை நாட்டார் அதைப் பெகாசஸ் சதுரம் என்கிறார்கள். புரட்டாசி மாதத்து முழுநிலா இந்தச் சதுரத்தின் அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். சதுரத்தின் வடமேற்கு முனையில் உள்ள பூரட்டாதி விண்மீனிலிருந்து வடமேற்கே சென்றால் மட்டார் என்ற விண்மீன் வரும். அங்கிருந்து இன்னும் நான்கு பாகை வடக்கே என்ஜிசி 7331 என்ற பெரிய சுருள் மண்டலம் தெரியும். அதற்கு அரைப்பாகை தென்மேற்கில் இருக்கிறார்கள் ஐவர்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருப்பதால் ஐவர் கூட்டம் அங்கே உச்சத்தில் வடக்குத் திசையில் ஏறத்தாழ 60 பாகை உயரத்துக்கு ஏறும். புரட்டாசியில் இரவு 10 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே அது உச்சத்தைத் தொடும். மகாளய அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நிலவின் தொந்தரவும் இராது. ஆனால் சிலாங்கூரின் மேற்குக் கரையில் அந்தப் பருவம் மழையை நோக்கிப் போகும் பருவம். வானம் ஓரளவு தெளிந்திருக்கும் ஆனி, ஆடியில் பார்க்க விரும்பினால் பின்னிரவில் எழ வேண்டும். ஆடி நடுவில் மூன்று மணி வாக்கில் அது உச்சியில் இருக்கும். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ரப்பர் கோலோச்சிய காலத்தில், ஆனி மாதத்து விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கும் அங்கிருந்து பால்மரம் சீவவும் நடந்தவர்களின் தலைக்கு மேல், சற்றே வடக்கில், இக்கூட்டம் நின்றிருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் இருந்தது.

இன்றும் இம்மாவட்டத்தில் இருட்டு முற்றிலும் போய்விடவில்லை. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மினுக்குவதைக் காண நிலவில்லாத இரவுகளையே படகோட்டிகள் சிறந்தவை என்பார்கள். மங்கலான மண்டலங்களைத் தேடுவோருக்கும் அதே இரவுகள்தாம் வேண்டும். மின்மினிக்குக் கேடான செயற்கை ஒளி மண்டலங்களையும் அழிக்கும். தென்கிழக்கே கிள்ளான் பள்ளத்தாக்கின் வெளிச்சம் வானில் படர்ந்து கிடக்க, செம்பனைத் தோட்டங்களின் உட்பகுதிகளே இப்போது மிஞ்சியுள்ள இருட்டு. மெலாவத்திக் குன்றின்மேல் பிறை பார்ப்பதற்கென்றே ஒரு கூடம் இருக்கும் ஊரில், வானத்தை நிமிர்ந்து பார்ப்பது பழகிப்போன செயல். அந்த இருட்டைக் காப்பது மின்மினிக்கும் நல்லது, வானியலுக்கும் நல்லது என்பதை மாவட்டத்து மக்கள் உரத்துச் சொல்ல வேண்டும்.

தொலைநோக்கி குறைந்தது 10 அங்குலமாவது இருந்தால்தான் ஐவர் பிடிபடுவார்கள். 12 அங்குலம் என்றால் நம்பிக்கை கூடும். முதலில் கண்ணில் படுவது 7318 இணையும் 7320உம். 7319 அவற்றைவிட மங்கல், விளிம்பில்லாத ஒரு சாம்பல் திட்டு. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைச் சற்று ஒதுக்கிக் கடைக்கண்ணால் நோக்கினால் மெல்ல எழும். மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் ஓரங்களில் செறிந்திருப்பதே காரணம். பட்டையோ சுருள் கையோ இந்த அளவுத் தொலைநோக்கியில் கண்ணுக்குப் புலப்படாது. அவை ஒளிப்படத்தில் மட்டுமே விரியும்.

கண்ணில் விழும் அந்த ஒளியின் வயதை மலேசியப் பாறைகளைக் கொண்டு அளக்கலாம். பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுப் பழமையானது. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருகிய குழம்பாக மேலேறி இறுகியது சற்றேறக்குறைய 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், கப்பல்போல் நின்ற வாரிகள் அள்ளிய ஈயம் அந்தக் கருங்கல் அரிந்து வந்ததுதான். 7319இன் ஒளி புறப்பட்டபோது பத்துமலைப் பாறை ஏற்கெனவே உண்டாகிவிட்டது, ஈயம் தந்த கருங்கல் இன்னும் உண்டாகவில்லை.

கண்டுபிடிப்பு

பிரான்சின் மர்சேய் நகர வானாய்வகத்தில் லெயோன் ஃபூக்கோ உருவாக்கிய 80 செ.மீ. தொலைநோக்கி இருந்தது. கண்ணாடியில் வெள்ளி பூசி ஆடி செய்யும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஃபூக்கோ முதன்மையானவர். உலோக ஆடிகளைவிட அது இலேசானது, கூடுதலாக ஒளி தருவது. அதைக் கையாண்ட எடுவார் ஸ்தெஃபான் 1870களில் நூற்றுக்கணக்கான மங்கல் மேகங்களைப் பட்டியலிட்டார். பெகாசஸில் நெருங்கிக் கிடந்த இந்தச் சிறு கூட்டத்தை அவர் அறிவித்தது 1877இல். கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், சிலாங்கூரின் தோட்ட வாழ்க்கைக்கு வித்திட்டதும் அதே ஆண்டு.

ஸ்தெஃபானுக்கு இவை என்னவென்று தெரியாது. அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. வானில் அசையாமல் நிற்கும் மங்கல் புள்ளிகளாகவே அவற்றின் இடங்களைத் துல்லியமாகக் குறித்துவைத்தார். 1888இல் ஜான் டிரேயர் வெளியிட்ட 7,840 பொருள்களின் புதிய பொதுப்பட்டியலில் இக்கூட்டம் 7317 முதல் 7320 வரை எண் பெற்றது. இன்று நாம் வழங்கும் பெயர் அந்த எண்தான்.

1920களில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடா மேகம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று நிறுவினார். 1926இல் அவர் மண்டலங்களை வகைப்படுத்தியபோது, சாதாரணச் சுருள், பட்டைச் சுருள் என்று இரண்டு கிளைகள் பிரிந்தன. பட்டை வெறும் அழகு அல்ல. அதன் ஈர்ப்பு, சுற்றிவரும் வாயுவின் வேகத்தைக் குறைத்து உள்நோக்கித் தள்ளுகிறது. மையத்தில் எது காத்திருந்தாலும், அதற்கு இரை கொண்டுசேர்க்கும் வாய்க்கால் அதுவே. 7319இன் மையத்தில் என்ன காத்திருக்கிறது என்பது பின்னால் வரும்.

1943: ஒரே தொகுதியில் இரண்டு கட்டுரைகள்

இந்த மண்டலத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான இரண்டு கருத்துகளும் ஒரே ஆண்டில், 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழின் 97ஆம் தொகுதியில் வெளியாயின. இரண்டு கட்டுரைகளும் 7319ஐப் பற்றியவை அல்ல. இரண்டுமே இன்று அதற்குப் பொருந்துகின்றன.

ஒன்று கார்ல் சேஃபர்ட் எழுதியது. சில சுருள் மண்டலங்களின் மையம் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருப்பதையும், அங்குள்ள வாயு விநாடிக்குப் பல நூறு, சிலவற்றில் ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் ஓடுவதையும் அவர் நிறமாலையில் கண்டார். இப்படிப்பட்டவற்றை இன்று சேஃபர்ட் மண்டலங்கள் என்கிறோம். 7319 அவற்றில் இரண்டாம் வகை.

மற்றொன்று சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுதியது. 1910இல் லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்த இந்தத் தமிழர் அப்போது அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். வெள்ளைக் குள்ளன்களின் நிறை வரம்புக்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. 1983இல் வந்த நோபல் பரிசும் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய ஆய்வுக்கே. ஆனால் மண்டலங்களைப் படிப்போருக்கு அவர் அளித்த பெரிய கொடை 'இயக்க உராய்வு' என்னும் கருத்து என்று நான் கருதுகிறேன். பெருநிறை கொண்ட ஒரு பொருள் எண்ணற்ற விண்மீன்களின் ஊடே செல்லும்போது, தன் ஈர்ப்பால் அவற்றை இழுக்கிறது. அவை வளைந்து வந்து சேர்வதற்குள் அது முன்னேறிவிடுவதால், அதன் பின்னால் அடர்த்தி கூடுகிறது. தைப்பூச ரதம் நகர நகர அதன் பின்னே கூட்டம் திரள்வதுபோல. பின்னால் திரண்ட அந்த நிறை, முன்னே போகும் பொருளைத் திரும்ப இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. எதுவும் எதன்மீதும் மோதாமலே உராய்வு நேர்கிறது.

சந்திரசேகர் இதை விண்மீன்களுக்காகக் கணக்கிட்டார். மண்டலங்களுக்குப் பொருத்தினால் விளைவு கடுமையானது. நெருங்கிய கூட்டத்தில் ஒன்றையொன்று சுற்றும் மண்டலங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இழந்து, கடைசியில் ஒன்றில் ஒன்று கரைந்துவிட வேண்டும். அதற்கு ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிட்டால் குறைவு. அப்படியானால் இத்தகைய கூட்டங்கள் இன்னும் ஏன் வானில் இருக்கின்றன? 1982இல் பால் ஹிக்சன் 100 நெருங்கிய கூட்டங்களின் பட்டியலை வெளியிட்டபோது இக்கேள்வி கூர்மையானது. ஒத்த பிரகாசமுள்ள நான்கு மண்டலங்களாவது இருக்க வேண்டும், நெருங்கி இருக்க வேண்டும், சுற்றிலும் வெறுமை இருக்க வேண்டும் என்பவை அவர் வைத்த விதிகள். ஸ்தெஃபான் ஐவர் அதில் 92ஆம் கூட்டம். கூட்டங்கள் கரைந்துபோகும்போதே புதிய மண்டலங்கள் வந்து சேர்வதும், அவற்றைச் சூழ்ந்துள்ள கண்ணுக்குத் தெரியாத பெருநிறை கரைதலின் வேகத்தை மாற்றுவதும் விடையின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. ஐவரின் வரலாறு முதல் விளக்கத்துக்கு வலுவான சான்று.

ஐந்தில் ஒன்று அயலார்

1946இல் வெளிவந்த 'இட்ஸ் அ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் தொடக்கக் காட்சியில் தேவதூதர்களாகப் பேசுபவை இந்த ஐவரின் படத்திலுள்ள மண்டலங்களே. அன்று ஐவரும் ஒரே குடும்பம் என்றே நம்பப்பட்டது.

1961இல் மார்கரெட் பர்பிட்ஜும் ஜெஃப்ரி பர்பிட்ஜும் இந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள். ஒரு மண்டலம் நம்மைவிட்டு விலகும் வேகம் அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதில் தெரியும். இதுவே செம்பெயர்ச்சி. 7319 விநாடிக்கு ஏறத்தாழ 6,700 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. 7317உம் 7318ஏயும் அதை ஒட்டிய வேகம். 7318பி சுமார் 5,800. ஆனால் 7320இன் வேகம் 800 கி.மீ.க்கும் குறைவு. விலகும் வேகம் தொலைவைக் காட்டுவதென்றால் 7320 வெறும் 40 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நம் பார்வைக் கோட்டில் குறுக்கே வந்து நிற்கும் அயலார் அது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஹால்டன் ஆர்ப் 1966இல் 338 விசித்திர மண்டலங்களின் படத்தொகுப்பை வெளியிட்டவர். ஐவர் அதில் 319ஆம் எண். மண்டலங்களின் உருக்குலைவை நேர்மையாகவும் பொறுமையாகவும் படமெடுத்துக் காட்டியதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் செம்பெயர்ச்சி எப்போதும் தொலைவைக் காட்டாது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக நின்றார், 7320 மற்ற நால்வரோடு சேர்ந்தே இருப்பதாக வாதிட்டார். 1993இல் இந்திய வானியலாளர் ஜயந்த் நார்லிகர் அவரோடு இணைந்து, பொருளின் நிறையே காலத்தோடு மாறக்கூடும் என்ற கோட்பாட்டால் இத்தகைய செம்பெயர்ச்சிகளை விளக்க முயன்றார்.

2005இல் இந்த விவாதத்தின் நடுவே 7319 தானே வந்து நின்றது. அதன் மையத்திலிருந்து 8 வில்விநாடி தள்ளி, விண்மீன்போல் புள்ளியாகத் தெரியும் மிகப் பிரகாசமான பொருளான குவாசார் ஒன்று இருப்பதை ஆர்ப், பர்பிட்ஜ் தம்பதி உள்ளிட்ட குழுவினர் கண்டறிந்தார்கள். மண்டலத்தின் செம்பெயர்ச்சி 0.022, குவாசாரினுடையது 2.11. மண்டலத்தின் தூசு வழியே பின்னாலுள்ள பொருள் தெரிய வாய்ப்பில்லை, ஆகவே குவாசார் மண்டலத்திலிருந்தே வெளிவந்தது என்பது அவர்கள் வாதம். பெரும்பாலான வானியலாளர்கள் இதை ஏற்கவில்லை. தூசு எங்கும் ஒரே தடிப்பில் இல்லை, இடைவெளிகள் வழியே பல பில்லியன் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள குவாசார் தெரிவதில் வியப்பும் இல்லை. லட்சக்கணக்கான குவாசார்களின் தொலைவும் பரவலும் இன்று அளக்கப்பட்டிருக்கும் நிலையில், பெரும்பான்மையோர் பக்கமே சரி என்பது என் முடிவு. ஆனாலும் ஆர்ப் எழுப்பிய கேள்விகள்தான் பலரை இந்த மங்கல் திட்டுகளின்பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவைத்தன. அந்த நன்றி அவருக்கு உரியது.

பறிபோன வாயு

சுருள் மண்டலம் என்றால் அதில் நடுநிலை ஹைட்ரஜன் வாயு இருக்க வேண்டும். புதிய விண்மீன்கள் பிறக்கும் மூலப்பொருள் அது. ரேடியோ தொலைநோக்கிகள் ஐவரைக் கூர்ந்து பார்த்தபோது, 1980களில் ஒரு விந்தை உறுதிப்பட்டது. கூட்டத்தில் வாயு ஏராளமாக இருக்கிறது, ஆனால் அநேகமாக எல்லாமே மண்டலங்களுக்கு வெளியே கிடக்கிறது. இவ்வளவு பெரிய சுருளான 7319 தன் ஹைட்ரஜனை ஏறத்தாழ முழுதும் இழந்திருந்தது.

எப்படிப் போயிற்று என்பதற்கான திறவுகோல் 1972இல் கிடைத்திருந்தது. அலார் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் கணினியில் இரண்டு மண்டலங்களை ஒன்றையொன்று உரசிச் செல்லவைத்தார்கள். கோல சிலாங்கூர்க் கழிமுகத்தில் நாள்தோறும் இருமுறை நீரை ஏற்றி இறக்கும் ஓத விசைதான் அங்கும் வேலை செய்தது. ஈர்ப்பு, அருகிலுள்ள பக்கத்தைக் கூடுதலாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும். அந்த வேறுபாடு பொருளை நீட்டும். கடலில் அது சில மீட்டர் ஏற்றம். இரண்டு மண்டலங்கள் நெருங்கும்போது விண்மீன்களும் வாயுவும் லட்சக்கணக்கான ஒளியாண்டு நீள வால்களாக வெளியே இழுபடும். வால் என்றாலே வெடிப்பின் விளைவு என்று எண்ணிவந்தவர்களுக்கு, வெறும் ஈர்ப்பே போதும் என்று அச்சகோதரர்கள் காட்டினார்கள்.

7319இலிருந்து இத்தகைய இரண்டு வால்கள் ஏறத்தாழ இணையாக நீள்கின்றன. அவை போகும் திசையில், ஐவரின் எண்ணிக்கையில் சேராத ஆறாவது மண்டலம் ஒன்று தள்ளி நிற்கிறது. அதன் பெயர் என்ஜிசி 7320சி. பெயரில் 7320 இருந்தாலும் முன்னால் நிற்கும் அயலாருக்கும் இதற்கும் உறவில்லை. இது கூட்டத்தின் உண்மை உறுப்பினர். மரியானோ மோலெஸ், ஜாக் சுலென்டிக் முதலியோர் 1990களின் இறுதியில் கோர்த்த வரலாறு இது: பல நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் 7320சி கூட்டத்துக்குள் புகுந்து 7319ஐ நெருங்கிக் கடந்தது, அதன் வாயுவை உருவிக் கூட்டத்தின் நடுவெளியில் கொட்டியது, பின் விலகிப் போனது. ஒருமுறை அல்ல, இருமுறை வந்திருக்கலாம் என்று எண்ணவும் இடமுண்டு. வால்கள் இரண்டு என்பது அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

இந்தப் பழைய விருந்தாளி போன பிறகு புதியவர் வந்தார். 7318பி, கூட்டத்தின் மற்றவற்றைவிட விநாடிக்கு 900 கி.மீ. வேறுபட்ட வேகத்தில், நம்மை நோக்கிய திசையில் இப்போது உள்ளே பாய்ந்துகொண்டிருக்கிறது. பழைய மோதலில் 7319 இழந்து வெளியே கிடந்த வாயுவின்மேல் அது மோதுகிறது. ரொனால்ட் ஆலனும் ஹார்ட்சௌக்கரும் 1972இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியில் 7319க்கும் 7318பிக்கும் நடுவே ஒரு நீண்ட ரேடியோ வரப்பைக் கண்டார்கள். பால்வீதியின் அகலத்தைவிட நீளமான அந்த வரப்பு, மோதலில் எழுந்த அதிர்வலை. அங்கே வாயு பல மில்லியன் பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிர் வீசுகிறது.

2006இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி இதே வரப்பில் எதிர்பாராத ஒன்றைக் கண்டது. மூலக்கூறு ஹைட்ரஜனின் வலுவான ஒளி. அவ்வளவு வன்மையான அதிர்வில் மூலக்கூறுகள் உடைந்து சிதறியிருக்க வேண்டும். ஆனால் வாயு ஒரே சீராக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்ததால், அடர்ந்த கட்டிகளுக்குள் அதிர்வு மெதுவாகப் புகுந்தது, அங்கே மூலக்கூறுகள் மீண்டும் உருவாயின என்ற விளக்கம் பின்னர் வந்தது. மோதலின் ஆற்றல் இந்த மூலக்கூறுகள் வழியே ஒளியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது.

ஆக, 7319இன் உடைமை அதன் எல்லைக்கு வெளியேதான் இன்று சுடர்கிறது. புதிய விண்மீன்கள் அதன் வால்களில் பிறக்கின்றன. ஒரு மண்டலத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் படித்தால் அதன் கதை பாதியில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மையம்

வாயுவை இழந்தும் 7319இன் மையம் பட்டினியில் இல்லை. 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது ஸ்தெஃபான் ஐவரும் அவற்றில் இடம்பெற்றார்கள். ஏறத்தாழ 1,000 தனிப்படங்களை இணைத்து, 150 மில்லியன் படப்புள்ளிகளுக்கு மேல் கொண்ட படமாக அது தயாரானது. அதில் உச்சியில் இருப்பது 7319. நடு அகச்சிவப்பில் எடுத்த படத்தைத் தனியே பார்த்தால், சுருள் கைகள் மங்கிப்போக, மையம் மட்டும் கூர்கூரான ஒளிக்கதிர்களை வீசி ஒரு விண்மீனைப் போல் நிற்பது தெரியும். அந்தக் கூர்கள் தொலைநோக்கியின் ஆடி அமைப்பால் வருபவை. மிகச் சிறிய இடத்திலிருந்து மிகுந்த ஒளி வந்தால்தான் அவை இவ்வளவு துலக்கமாகத் தோன்றும்.

அங்கே இருப்பது சூரியனைப்போல் 24 மில்லியன் மடங்கு நிறையுள்ள கருந்துளை. அதில் விழும் பொருள் வெளியிடும் ஒளியாற்றல் 40 பில்லியன் சூரியன்களுக்கு ஈடு. சாதாரண ஒளியில் இது இவ்வளவு தெரியாததற்குக் காரணம், கருந்துளையைச் சுற்றியுள்ள அடர்ந்த தூசு வளையம் நம் பார்வையை மறைப்பதே. சேஃபர்ட் இரண்டாம் வகை என்பதன் பொருள் அதுதான். அகச்சிவப்பு அந்தத் தூசைத் துளைத்து வந்துவிடும்.

மையத்திலிருந்து இரு பக்கமும் வலுக்குறைந்த ரேடியோ தாரைகள் கிளம்புகின்றன. அவை மண்டலத்துக்குள்ளேயே எஞ்சியிருக்கும் வாயுவில் மோதி நிற்கும் இடங்களில் வாயு சூடாகி அயனியாகிக் கிடப்பதை வெப் தொலைநோக்கியின் நிறமாலைகள் காட்டின. தாரை மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடவில்லை. வலுவற்ற தாரைகூடத் தன் வீட்டு வாயுவைக் கலக்கிவிடும் என்று காட்டியதால், இச்சிறு அவதானிப்பு ஆய்வாளர்களிடையே கவனம் பெற்றது.

அண்மை ஆய்வுகளும் இனி வருவதும்

2018இல் பியர்-அலென் டூக் குழுவினர் ஹவாயிலுள்ள தொலைநோக்கியில் நெடுநேரம் ஒளி சேர்த்து எடுத்த படங்கள், கூட்டத்தைச் சுற்றிப் பழைய விண்மீன்களால் ஆன ஒரு பெரிய சிவந்த மங்கல் ஒளிவட்டம் இருப்பதைக் காட்டின. அமைதியானது என்று ஒதுக்கப்பட்டுவந்த 7317உம் நெடுங்காலமாக இந்த இழுபறியில் பங்கேற்றிருக்கிறது என்பதை அது உணர்த்தியது.

2022 அக்டோபரில் சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி, ஐவரைச் சுற்றி ஏறத்தாழ 20 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்குப் பரவிய அணு ஹைட்ரஜன் மேகத்தைக் கண்டது. இவ்வளவு மெல்லிய வாயு விண்வெளியின் புறஊதாக் கதிர்வீச்சில் அயனியாகிக் கலைந்திருக்க வேண்டும். ஆனால் அதன் பரப்பைப் பார்த்தால் ஒரு பில்லியன் ஆண்டுக்கு முன்பே நிகழ்ந்த மோதலின் மிச்சமாகத் தோன்றுகிறது. 7319 தன் வாயுவை எப்போது இழந்தது என்ற கணக்கையே இது மறுபடி திறந்துவைத்துவிட்டது. 2024இல் லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட வீவ் நிறமாலைக் கருவியின் முதல் ஆய்வுகளில் ஒன்றும் ஐவர் பக்கமே திரும்பியது. மணிக்கு 32 லட்சம் கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் எழும் அதிர்வு, குளிர்ந்த வாயு வழியே போகையில் வலுத்தும் வெப்ப வாயு வழியே போகையில் வலுக்குன்றியும் இருப்பதை மரீனா அர்னௌடோவா குழுவினர் பிரித்துக் காட்டினார்கள்.

சந்திரசேகரின் கணக்கு 7319க்கும் விலக்கு அளிக்காது. கூட்டத்தின் மண்டலங்கள் ஒவ்வொன்றாக வேகம் இழந்து நெருங்கும். விண்மீன்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம் இருப்பதால் விண்மீனோடு விண்மீன் மோதாது. ஆனால் ஒழுங்கான சுற்றுப்பாதைகள் கலைந்துபோகும், பட்டை கரையும், சுருள் கைகள் மறையும். எல்லாம் சேர்ந்து சுருளோ பட்டையோ இல்லாத நீள்வட்ட மண்டலம் ஒன்று உருவாகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நடுவெளியில் கிடக்கும் வாயுவில் எவ்வளவு அதற்குள் திரும்பி விழும், எவ்வளவு சூடாகி வெளியே தங்கிவிடும் என்பது அந்த மண்டலத்தில் இனி விண்மீன்கள் பிறக்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஃபாஸ்ட் கண்ட மேகத்தின் வயது தெளிவானால் அந்தக் கணக்கையும் போட முடியும்.